பீடோங்கில் எட்டாம் எண் பெட்டி

மலேசியாவுக்குப் போய் வந்தவர்கள் கோலாலம்பூரைப் பற்றிச் சொல்வார்கள், பினாங்கு மலை ரயிலைப் பற்றிச் சொல்வார்கள். நான் பார்த்தது பீடோங் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில், ஆலையின் கொதிகலன் கொட்டகை. அதையும் பெரும்பாலும் குப்புறப் படுத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

எண்பத்தாறோ எண்பத்தேழோ, சரியாக நினைவில்லை. ஆலை இயந்திரங்களை ஓட்டுகிற கன்ட்ரோலர் பெட்டிகளைக் கேபிளால் இணைத்து, ஒன்றோடொன்று பேச வைப்பது அப்போது புதுச் சங்கதி. நான் வேலை பார்த்த கோயம்புத்தூர் நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கிளையில் அது தெரிந்தவர் ஒருவர்தான். அவர் குடல்வால் அறுவை சிகிச்சைக்குப் படுத்துவிட்டார். தமிழ் பேசுகிற ஊர்தானே, போய்விட்டு வா என்று என்னைக் கிளப்பிவிட்டார்கள். கிளம்ப வேண்டிய நேரம் ராகு காலத்தில் விழுந்தது. என் மனைவி விடவில்லை. நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, பிறகு நான் போய் அதை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் மற்றவர்களைக் கேலி செய்யப்போகிறேன், அந்தக் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து நகரமான சுங்கைப் பட்டாணியிலிருந்து பங்கு டாக்சி. நம்மூரில் அம்பாசடரில் எத்தனை பேரை ஏற்றுவார்களோ அத்தனை பேரை அங்கே பழைய பென்ஸ் காரில் ஏற்றுகிறார்கள். மரியாதை கொஞ்சம் கூடுதல், இடநெருக்கடி அதேதான். வழியில் ஓட்டுநருக்கு டுரியான் ஆசை வந்துவிட்டது. வண்டியை நிறுத்தி, பேரம் பேசி, முள் முள்ளாக நான்கைந்து பழங்களை என் பெட்டியின்மேல் அடுக்கிவிட்டு வந்தார். அந்தப் பெட்டியில்தான் நெட்வொர்க் மாட்யூல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தடித்த அகராதி அளவு இருக்கும், விலை என் ஒரு வருடச் சம்பளத்தைத் தாண்டும். பீடோங் வரும்வரை நான் சாலையைப் பார்க்கவில்லை, திரும்பித் திரும்பிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தேன். மாட்யூல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் சட்டைகள் மட்டும் ஊர் திரும்பும்வரை டுரியானாகவே மணத்தன.

பீடோங் கடைத்தெருவில் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தான் சேவியர். ஆலையின் துணை எஞ்சினியர். ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமில்லாத பெரிய மீசை. தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன். பார்த்தவுடன், "பசியாறிட்டீங்களா சார்?" என்று கேட்டான். மத்தியானம் தாண்டிவிட்டதால் இனி ஆற என்ன இருக்கிறது என்று விழித்தேன். காலையில் தொண்டைக்குள் இறங்குவது எல்லாமே அங்கே பசியாறுதல்தானாம். நான் ஏதும் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் சீனர் காப்பிக் கடையோடு சேர்ந்த ஒரு தமிழர் ஒட்டுக்கடைக்கு அழைத்துப்போனான். ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் வந்தன. நம்மூர்ப் பரோட்டாவின் பணக்காரச் சித்தப்பா மகன் என்று சொல்லலாம். தேநீர் வந்த குவளையில் கோயம்புத்தூரில் இரண்டு பேர் குளிக்கலாம்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நம்ம சேவியரு கல்யாணம் உங்க கையிலதான் இருக்காம்லா" என்றார். சேவியர் குவளைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். சேவியருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த நெட்வொர்க்கை வாங்கியே ஆக வேண்டும் என்று மேனேஜரை நச்சரித்தது அவன்தான். மேனேஜர் தாமஸ் ஒரு மலையாளி, பல வருடம் தோட்டத்துக் காற்றில் தமிழ் பழகியவர். சாமான் ஒழுங்காக ஓடினால் உன் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார். சேவியர் விரும்பிய பெண் ஸ்டெல்லா. அவளுடைய அப்பா லூர்துசாமி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு ஊசி போடுகிற டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றுச் சுங்கைப் பட்டாணியில் குடியிருந்தவர். வேலை நிரந்தரமானால்தான் ஓலை என்று அவரும் சொல்லிவிட்டார். ஓலை என்றால் கத்தோலிக்கர் வழக்கம். கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறுகளில் மணமக்கள் பெயரைக் கோயிலில் படித்து, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்பார்கள். ஆக, நான் கேபிளைச் சரியாக இழுத்தால் பையனுக்குக் கல்யாணம். இந்தச் செய்தி எனக்கு முன்பே அந்த வட்டாரம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் ஆலை. லாரியை அங்கே லோரி என்கிறார்கள். செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரிகள் வாசலில் வரிசை பிடித்து நின்றன. குலையை உடனே வேகவைத்துப் பிழிந்துவிட வேண்டும், வைத்திருந்தால் எண்ணெய் புளித்துக் கெடும். அதனால் அங்கே எல்லோருக்கும் அவசரம், எல்லாவற்றின்மேலும் எண்ணெய்ப் பிசுக்கு. நான் முதல் நாளே இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். யாரும் சிரிக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் விழுவது வாடிக்கை என்று சேவியர் ஆறுதல் சொன்னான்.

ஆலைக்குள் எட்டு இடங்களில் எட்டுக் கன்ட்ரோலர் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மாட்யூலைச் செருகி, கேபிளை இழுத்து, கட்டுப்பாட்டு அறைத் திரையில் எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்ட வேண்டும். இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். கொதிகலனுக்குப் பொறுப்பு முனியாண்டி அண்ணன். நெற்றி நிறையத் திருநீறு, அது வியர்வையில் இறங்கி மத்தியானத்துக்குள் மீசைக்கு வந்துவிடும். மின்நிலையத்துக்குப் பொறுப்பு ஆ செங். சீனர், ஆனால் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். இருவரும் ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். இருவருக்கும் நாளெல்லாம் சண்டை. சாப்பாட்டுக்கு மட்டும் ஒருவர் வராமல் மற்றவர் டிபன் கேரியரைத் திறக்கமாட்டார்.

மாட்யூலைச் செருகியதும் அதற்கு ஓர் எண் வைக்க வேண்டும். தபால்காரருக்கு வீட்டு எண் மாதிரி. மாட்யூலின் பக்கவாட்டில் குட்டி குட்டியாக வெள்ளை விசைகள் இருக்கும், பேனா முனையால் தள்ளலாம். எந்த விசை எப்படி இருந்தால் எந்த எண் என்று அட்டையில் எழுதி ஒவ்வொரு பெட்டிக் கதவின் உள்பக்கமும் ஒட்டினேன். வெளிப்பக்கம் எண்ணைப் பெயிண்டில் பெரிதாக எழுதினேன். மின்நிலையம் நாலு, கொதிகலன் எட்டு. மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுக்கும்போதுதான் மாட்யூல் தன் எண்ணைப் படித்துக்கொள்ளும், நடுவில் கவனிக்காது. இது முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் காய்வதற்குள் முனியாண்டி வந்தார்.

"தம்பி, எட்டு வேணாமே. சனி நம்பரு. கொதிக்கிற சாமான்லா இது."

இயந்திரத்துக்குச் சனியும் தெரியாது வெள்ளியும் தெரியாது என்று நான் வியாக்கியானம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆ செங் நாலாம் எண்ணின் எதிரில் வெகுநேரம் நின்றார். சீனர்களுக்கு நாலு ஆகாது, அது சாவுக்கு உரிய எண். அங்கே சில கட்டடங்களில் நாலாவது மாடிக்கு மூன்று ஏ என்று பெயர் வைத்துத் தப்பித்துக்கொள்கிறார்கள். "இதுக்கும் மூணு ஏ போட போலே ஆ, தம்பி?" என்று கேட்டார். போலே என்றால் முடியும் என்று அர்த்தம். மாட்யூலுக்கு ஏ, பி எல்லாம் தெரியாது, வெறும் எண்தான் என்றேன். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் கோயம்புத்தூர் வெகுளித்தனம்.

சனிக்கிழமை எட்டுப் பெட்டிகளும் திரையில் வந்தன. நீராவி அழுத்தம், எண்ணெய்ச் சூடு, மின்னழுத்தம், எல்லாம் பச்சை எழுத்தில் பளிச்சென்று. மேனேஜர் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை, ஆனால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் அகராதியில் அது கைதட்டுவதற்குச் சமமாம். திங்கள் முதல் இரண்டு நாள் தடங்கலில்லாமல் ஓடட்டும், மற்றதைப் பேசிக்கொள்ளலாம் என்று சேவியரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை, சனி இரவே மின்சாரத்தையும் நிறுத்திவிட்டார்கள். சேவியர் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு செர்டாங்கில் இருந்த பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பினான். இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் சாலை, அவ்வளவுதான் காட்சி. தென்னந்தோப்பில் வளர்ந்த எனக்கு, யாரோ தென்னைகளைத் தலையில் தட்டி வளரவிடாமல் வைத்தது போலத் தோன்றியது. பாதி வழியில் டயர் பஞ்சர், உடனே மழையும். ஒரு மலாய்க்காரர் வீட்டில் ஒதுங்கினோம். வீட்டுக்காரர் ரம்புத்தான் பழத்தைக் கூடையோடு முன்னால் வைத்துவிட்டு, என்னைக் காட்டிச் சேவியரிடம் ஏதோ கேட்டார். என்ன கேட்கிறார் என்றேன். "இந்த இந்தியாக்காரர்தான் உன் கல்யாணத்துக்கு ஒயர் இழுக்கிறவரா என்று கேட்கிறார்" என்று மொழிபெயர்த்தான். செர்டாங் போய்ச் சேரவே இல்லை. பெரியம்மா சமைத்த மீன் தலைக் கறியை யார் சாப்பிட்டார்களோ தெரியாது.

திங்கள் காலை மின்சாரம் கொடுத்தார்கள். திரை வந்தது, உடனே போனது. மறுபடி வந்தது, போனது. கொதிகலனும் மின்நிலையமும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, மற்ற ஆறும் மின்மினிப் பூச்சிகளாக இருந்தன. திரையை நம்பி வேலையைத் திருப்பிவிட்டிருந்ததால் ஆலை தடுமாறியது. லோரிகள் சாலைவரை நின்றன. நான் கேபிளைத்தான் சந்தேகப்பட்டேன். எலி கடித்திருக்கலாம், எண்ணெய் இறங்கியிருக்கலாம். நாள் முழுக்கக் குப்புறப் படுத்துக் கேபிளை அங்குலம் அங்குலமாகத் தடவினேன். ஊர்ப் பெயர்கள் உட்பட எல்லாவற்றையும் திட்டினேன். மேனேஜர் வந்து நின்று, எவனாவது பெட்டிக்குள் கை வைத்திருந்தால் அவன் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று பொதுவாகச் சொன்னார். முனியாண்டியும் ஆ செங்கும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வேறு வழியில்லாமல் ஒவ்வொரு பெட்டியாக அணைத்துப் பார்த்தேன். கொதிகலன் பெட்டியை அணைத்தால் திரை நிலையாக நின்றது. அதைப் போட்டுவிட்டு மின்நிலையப் பெட்டியை அணைத்தாலும் நின்றது. இரண்டும் சேர்ந்தால்தான் ரகளை. தனித்தனியே நல்ல பிள்ளைகள், ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் அடித்துக்கொள்கிறவர்கள். சேவியரும் நானும் இரண்டு மாட்யூல்களையும் உருவிப் பார்த்தோம். இரண்டிலும் ஒன்பது.

இரண்டு அண்ணன்களையும் சேவியர் தனியாக, கொதிகலனுக்குப் பின்னால் கூப்பிட்டான். கோபப்படவில்லை, என்ன அண்ணே என்று மட்டும் கேட்டான். முனியாண்டி முதலில் வாய் திறந்தார்.

"வெளிய எட்டுன்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன். உள்ளுக்கு மட்டும் ஒம்பது வச்சேன். ஒரே ஒரு பித்தானைத்தான் தள்ளுனேன் தம்பி."

ஆ செங் அவரை முறைத்தார். சனிக்கிழமை மின்சாரம் நின்றபிறகு அவரும் தன் பெட்டிக்கு ஒன்பது வைத்திருந்தார். எட்டுவரைதான் ஆள் இருக்கிறார்கள், ஒன்பது காலியாகக் கிடக்கிறது என்று கணக்குப் பார்த்துத்தான் வைத்தாராம். முனியாண்டியும் அதே கணக்கைத்தான் பார்த்திருந்தார். இருவருமே நான் ஒட்டிய அட்டையைப் பார்த்துச் சுத்தமாகச் செய்திருந்தார்கள். அடுத்த ஐந்து நிமிடம் ஒன்பதை முதலில் பிடித்தது யார் என்று இருவரும் சண்டை போட்டார்கள். ஆலை நின்றுகொண்டிருப்பது அவர்களுக்கு மறந்தே போயிற்று.

எனக்கு வந்த கோபத்தில் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். சேவியர் மீசையைத் தடவியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். எட்டு உங்களுக்கு எப்படி என்று ஆ செங்கைக் கேட்டான். ஆ செங்கின் முகம் மலர்ந்துவிட்டது. சீனர்களுக்கு எட்டைவிட அதிர்ஷ்டமான எண் கிடையாது, கார் நம்பரில் எட்டு கிடைக்கத் தவம் கிடப்பார்கள். ஏற்கெனவே ஒருவர் வைத்திருக்கிறாரே என்ற நாகரிகத்தில்தான் அவர் கேட்காமல் இருந்திருக்கிறார். நாலு உங்களுக்கு எப்படி என்று முனியாண்டியைக் கேட்டான். வேதம் நாலு, திசை நாலு, நாலுக்கு என்ன குறை என்றார் அவர். விசைகளை மாற்றினோம், திரையில் இரண்டு பெயர்களை இடம் மாற்றினேன், மின்சாரம் கொடுத்தோம். திரை அசையாமல் நின்றது.

மேனேஜர் வந்தார். என்ன கோளாறு என்று கேட்டார். எண் வைத்தது நான், என் பிழை என்று சொல்ல வாயெடுத்தேன். சேவியர் என் காலை மிதித்தான். முனையில் இரும்பு வைத்த ஆலைக் காலணி அது.

"நம்பர் கொடுத்ததுல தப்பு சார். ஒரே நம்பர் ரெண்டு இடத்துல இருந்துச்சு. நான்தான் சரி பார்த்திருக்கணும்."

மேனேஜர் அவனை வெகுநேரம் பார்த்தார். முனியாண்டியும் ஆ செங்கும் கொதிகலனைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், அது துடைக்கிற சாமானே இல்லை. இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார். ஆறு மாதத்துக்கு நிரந்தரமில்லை, நிரந்தரமில்லாததால் ஓலையில்லை.

வெளியே வந்து அவனைத் திட்டினேன். உண்மையாகவே கோபம்தான். என் தலையில் போட்டிருந்தால் நான் பாட்டுக்கு ஊருக்குப் போயிருப்பேன் என்றேன். உங்கள் கம்பெனிமேல் பழி வந்தால் சாமானையே கழற்றச் சொல்லிவிடுவார் சார் என்றான். அப்படியானால் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன். இந்த வயதில் அவர்கள் இரண்டு பேரையும் யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று கேட்டான். பிறகு மோட்டாரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். இத்தனை நாளில் என்னை ஏற்றாமல் அவன் போனது அன்றுதான்.

ரகசியம் காப்பது எனக்கு வராத கலை. மறுநாள் சாப்பாட்டு வேளையில் இரண்டு அண்ணன்களிடமும், ஆறு மாதம் தள்ளிப்போனதையும் ஓலை நின்றுபோனதையும் சொல்லிவிட்டேன். டிபன் கேரியர்கள் திறந்தபடியே கிடந்தன. முனியாண்டி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஆ செங், லூர்துசாமி வீடு எந்த ஜாலான், அதாவது எந்தத் தெரு, என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை மாலை லூர்துசாமி என்னையும் சேவியரையும் விருந்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். சேவியர் வரமாட்டேன் என்று அடம்பிடித்தான், நான் இழுத்துக்கொண்டு போனேன். உயரமான மனிதர். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் போட்டு, யாரைப் பார்த்தாலும் சட்டைக் கையை மடிக்கச் சொல்லப்போகிறவர் மாதிரியே நின்றார். ஸ்டெல்லா பரிமாறினாள். கோழிக் குழம்பு, நெத்திலி வறுவல், மிளகாயை அரைத்த சம்பல். சம்பலில் நான் அழுதேன், எல்லோருக்கும் ஒரு பொழுதுபோக்கு ஆயிற்று. சாப்பிட்டு முடிந்து கை கழுவியபிறகுதான் லூர்துசாமி பேசினார். இரண்டு பெரியவர்கள் ஒரே மோட்டாரில் வந்தார்களாம். ஒருவர் கையில் வாழைச் சீப்பு, இன்னொருவர் கையில் பிஸ்கட் டின். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுப் போனார்களாம்.

"வேலை இன்னும் ஆறு மாசத்துல வரும்லா. இது எத்தனை மாசம் காத்திருந்தாலும் வராது" என்றார். எது என்று அவர் சொல்லவில்லை. சேவியர் மீசைக்குப் பின்னால் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். நாளைக்கே ஓலை, ஃபாதரிடம் சொல்லியாகிவிட்டது என்றார். அந்த வீட்டில் எனக்கு இரண்டாவது தடவையும் கண்ணில் தண்ணீர் வந்தது. சம்பல்மேல் பழி போட்டேன்.

ஞாயிறு காலை சுங்கைப் பட்டாணிக் கோயிலில் தமிழ்ப் பூசை. கூட்டம் நிறைய இருந்தது, மின்விசிறிகள் குறைவு. கடைசி வரிசையில் நானும், என் இரண்டு பக்கமும் முனியாண்டியும் ஆ செங்கும். ஒருவர் வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறையத் திருநீறும், மற்றவர் இஸ்திரி மடிப்பு கலையாத புதுச்சட்டை. எல்லோரும் எழுந்தால் எழுந்தார்கள், முழங்காலிட்டால் முழங்காலிட்டார்கள், ஆனால் எப்போதும் ஒரு வினாடி தாமதமாக. முன்வரிசையில் மேனேஜர் தாமஸின் வழுக்கை தெரிந்தது.

ஃபாதர் ஓலை படித்தார். சேவியர் பெயர், அப்பா பெயர், ஸ்டெல்லா பெயர், அப்பா பெயர். இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று முடித்து, வழக்கமான மௌனத்துக்காக நிறுத்தினார். அந்த மௌனமே பதில் என்பது கோயிலுக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். முனியாண்டிக்குத் தெரியாது. கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த மரியாதை. அவர் எழுந்துவிட்டார்.

"தடை ஒன்னும் இல்லீங்க சாமி. நாங்க ரெண்டு பேரு செஞ்ச தப்ப தன் தலையில போட்டுக்கிட்ட பையன். தங்கமான பையன்."

கோயிலே திரும்பிப் பார்த்தது. ஆ செங்கும் எழுந்து பக்கத்தில் நின்றார். "நானும்தான் சாமி" என்றார்.

மேனேஜர் முன்னால் இருப்பது அவர்களுக்குத் தெரியாதா, தெரிந்தேதான் எழுந்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முன்வரிசை வழுக்கை மட்டும் திரும்பவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். பிறகு பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து, அடுத்த பாட்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மிகவும் கவனமாகத் தேட ஆரம்பித்தார்.